தூர் எடுத்தல்: அடிமரம் அகற்றும் உபாயங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வழிநடையில் தன் காலைக் குத்திய தருப்பைப் புல்லைச் சாணக்கியன் வேரோடு அகழ்ந்து, எரித்து, அந்தச் சாம்பலையும் நீரில் கரைத்துக் குடித்த பின்னரே சினம் தணிந்தான் என்றொரு கதை நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அத்தகைய வைராக்கியம் ராஜநீதிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நீதி சாஸ்திரம் கற்றவர்கள் நிர்ணயித்துக்கொள்ளட்டும். கொல்லையில் மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்து, கிளைகளை விறகாக்கி, நடுமரத்தை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, தரையோடு எஞ்சி நிற்கும் அடிப்பாகத்தைப் பார்த்தபடி நிற்கும் இல்லறத்தானுக்கு மட்டும், சாணக்கியனுடைய சினத்தில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே தோன்றும். மரத்தை வெட்டுவது அரை நாள் வேலை. அதன் தூரை எடுப்பதோ, அரை நாளிலும் முடியலாம், பத்து வருஷமும் ஆகலாம்.

அடிமரம், அடிக்கட்டை, தூர் என்று நாமும், குற்றி என்று ஈழத்தவரும் வழங்கும் இந்த எச்சத்தைப் போக்க மனிதன் கையாண்ட உபாயங்கள் பல. கடப்பாரை, எருது, நெருப்பு, வெடிமருந்து, உப்பு என்று நீண்ட அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது, வாடகைக்குக் கிடைக்கும் அரைக்கும் யந்திரம். இவற்றுள் எது சிறந்தது என்பதே சாதாரணமாக எழும் கேள்வி. ஆனால், அதற்கு முன்னதாகத் தீர்க்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு என்பதையும், அதைத் தீர்க்காமல் யந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களே பெரும்பாலும் வருந்துகிறார்கள் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூர்களின் தேசம்

இந்தப் பிரச்சினை ஒரு தேசத்தின் சரித்திரத்தையே உருவாக்கிய இடம் அமெரிக்கா. ஐரோப்பாவிலிருந்து சென்று குடியேறியவர்கள் கண்டம் முழுவதும் பரந்து கிடந்த வனங்களை வெட்டிக்கொண்டே மேற்கு நோக்கி நகர்ந்தபோது, கோடாரியின் வேகத்துக்குத் தூர் எடுக்கும் வேலை ஈடுகொடுக்கவில்லை. ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த காலத்தில், தெருக்களுக்காக வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் நடுவீதியிலேயே நின்றமையால், அந்த ஊருக்குத் ‘தூரூர்’ என்று பொருள்படும் பரிகாசப் பெயர் ஏற்பட்டு, இன்றளவும் செல்லப் பெயராக நிலைத்துவிட்டது. தேர்தலுக்கு நிற்பவர்கள் ஊர் ஊராகச் சென்று ஆற்றும் பிரசங்கத்துக்கு அந்நாட்டில் வழங்கும் பெயரும், அடிக்கட்டையின் மேல் ஏறி நின்று பேசிய வழக்கத்திலிருந்து பிறந்ததுதான்.

மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய வடபகுதி மாநிலங்களில் மரக் கம்பெனிகள் வெண்பைன் வனங்களை மொட்டையடித்துவிட்டு, மிஞ்சிய நிலத்தை விவசாயிகளுக்கு விற்றன. நிலம் வாங்கிய குடியானவன் கண்டது, கண்ணுக்கெட்டிய தூரம் பரவிய அடிக்கட்டைக் கூட்டத்தையே. எருதும் குதிரையும் பூட்டிச் சுழற்றும் சங்கிலி யந்திரங்களால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேர்ச் சடை வெளியே தெரியுமாறு வரிசையாகச் சாய்த்து வேலியாக்கினான். அத்தகைய வேலிகள் பல தலைமுறைகள் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்துக் கம்பெனிகள் டைனமைட்டை விவசாயக் கருவியாகவே விளம்பரம் செய்தன. முதல் உலக யுத்தம் முடிந்தபின் மிஞ்சிய யுத்த வெடிமருந்தை அமெரிக்க விவசாய இலாகா 1920-களில் குடியானவர்களுக்குத் தூர் பெயர்ப்பதற்கென்றே மலிவாக விநியோகித்தது. பீரங்கிக்கு வேண்டிச் செய்த மருந்து ஏர்முனைக்கு வழி திறந்தது என்று மகிழலாம்தான். எனினும், களஞ்சியங்களில் வெடி குவிந்து கிடப்பது கிராமத்துக்கு க்ஷேமமல்ல என்பதும் சீக்கிரமே தெரியவந்தது.

யந்திரத்தின் வருகைக்கும் ஒரு துயரக் கதையே காரணமாயிற்று. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான மரக்கட்டைகளோடு 1930-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நுழைந்த ஒருவகைப் பூஞ்சை நோய், நகரத் தெருக்களுக்குப் பந்தலிட்டு நின்ற எல்ம் மரங்களைச் சாரி சாரியாக மாய்த்தது. வெட்டியாக வேண்டிய மரங்கள் ஆயிரமாயிரமாகப் பெருகின; நடைபாதையின் ஓரத்தில் வெடி வைக்கவும் முடியாது, எருது பூட்டவும் முடியாது. இந்த நெருக்கடியான காலத்தில்தான், அயோவா மாநிலத்துப் பெல்லா என்னும் சிற்றூரில் கேரி வெர்மீர் 1948-இல் தொடங்கிய தொழிற்சாலை, 1950-களின் பிற்பகுதியில் அடிமரத்தை நின்ற நிலையிலேயே சீவித் தூளாக்கும் யந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கியது. பெயர்த்தெடுப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, இருக்கும் இடத்திலேயே அரைத்துவிடுவது என்ற எண்ணத்தை மேற்கொண்டதுதான் இதில் புதுமை.

பழைய உபாயங்கள்

கைவேலையே எல்லாவற்றிலும் பழமையானது. தூரைச் சுற்றி அகலமாகக் குழி வெட்டி, பக்க வேர்களைக் கோடாரியால் துண்டித்து, கடைசியில் ஆணிவேரைக் கண்டு அறுத்துச் சாய்க்க வேண்டும். அடிமரத்தை மூன்று நான்கு அடி உயரத்துக்கு விட்டு மரத்தை வெட்டியிருந்தால், அந்த உயரமே நெம்புகோலாகிப் பாதி வேலையைச் செய்துவிடும். தரையோடு தரையாக வெட்டிவிட்டுப் பிறகு தோண்ட முற்படுகிறவன் கைக்கு வந்த உபகரணத்தைத் தானே எறிந்தவன் ஆகிறான். அரைக்கப் போகிறவனுக்கோ விதி நேர்மாறானது: அவன் எவ்வளவு தாழ்த்தி வெட்டுகிறானோ, அவ்வளவு யந்திர நேரம் மிச்சம். ஆகவே, தூரை என்ன செய்வதென்ற தீர்மானம் மரத்தில் முதல் வெட்டு விழுவதற்கு முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும்.

நெருப்பு மலிவானது, ஆனால் நம்பத் தகாதது. ஈரம் நிறைந்த பச்சைத் தூர் எரியாது. உலர்ந்த தூரோ, மேலே அணைந்ததுபோல் தோற்றமளித்துக்கொண்டே வேர் வழியாக மண்ணுக்குள் நாட்கணக்கில் கனன்று, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைக்கும்படி சொல்லும் பழைய யோசனை, நிலத்தையும் கிணற்று நீரையும் கெடுக்கும் காரியம் என்பதால் இக்காலத்தில் முற்றிலும் விலக்கத் தக்கது.

மக்கச் செய்வது மற்றொரு வழி. கட்டையில் துளைகளிட்டு வெடியுப்பை நிரப்பி நீர் ஊற்றினால் மரம் விரைவில் இற்றுப்போகும் என்று அதைப் பொட்டலமிட்டு விற்கிறார்கள். மரத்தைத் தின்பது உப்பன்று, பூஞ்சைகளே. உப்பிலுள்ள நைட்ரஜன் அவற்றுக்கு ஓரளவு ஊட்டம் தருகிறது என்பது மெய். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தாலன்றி அவை வேலை செய்வதில்லை. மென்மரங்கள் சில வருஷங்களில் மக்கலாம். ஓக் போன்ற வன்மரத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேலும் வேண்டியிருக்கும். காத்திருக்க மனமுள்ளவனுக்கு, கட்டையின் மேல் மண்ணையும் இலைக்குப்பையையும் குவித்து ஈரம் காயாமல் வைத்திருப்பதே செலவில்லாத உபாயம்.

வாடகை யந்திரம்

கிரைண்டர் என்றதும் நமக்கு இட்லி மாவு நினைவுக்கு வரும். அமெரிக்க, ஆங்கில நாடுகளின் வாடகைக் கடைகளில் ‘ஸ்டம்ப் கிரைண்டர்’ என்ற பெயரால் கிடைக்கும் இந்த யந்திரம் கல்லால் ஆட்டுவதில்லை. எஃகுச் சக்கரம் ஒன்றின் விளிம்பில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு பற்களால் மரத்தைக் கொத்திக் கொத்திச் சிதறடிக்கிறது. கையால் தள்ளி நடத்தும் சிறு யந்திரம் சுமார் 13 குதிரைச் சக்தி கொண்டது; தானே நகரும் பெரிய வகைகள் 25 குதிரைச் சக்திக்கு மேலும் உண்டு. தோட்டத்து வாயிற்கதவின் அகலம் அங்கே பெரும்பாலும் 36 அங்குலமாதலால், அதற்குள் நுழையுமாறு பல யந்திரங்களை அமைத்திருக்கிறார்கள். வாடகைக்கு எடுக்குமுன் வாயிலை அளந்து பார்க்க மறந்தவர்கள் யந்திரத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு வேலியைப் பிரிக்க நேரிட்டதுண்டு.

வேலையின் பெரும்பகுதி யந்திரம் முழங்குவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டியது. பூமிக்கடியில் மின்கம்பியும் எரிவாயுக் குழாயும் ஓடும் ஊர்களில், அவை எங்கே இருக்கின்றன என்று அறியாமல் சக்கரத்தை இறக்குவது உயிரோடு விளையாடுவதாகும். அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற எண்ணுக்குச் சில நாட்கள் முன்னதாகத் தெரிவித்தால், உரிய கம்பெனியார் வந்து கட்டணமின்றி வர்ணக் குறியிட்டுச் செல்லும் ஏற்பாடு நாடு முழுதும் இருக்கிறது. ஆயினும், வீட்டுக்காரர் தாமே புதைத்த தோட்டத்துத் தண்ணீர்க் குழாயையும் விளக்குக் கம்பியையும் அவர்கள் குறிப்பதில்லை. அவை வீட்டுக்காரருடைய ஞாபகசக்திக்கே விடப்பட்டவை. அடுத்தபடி, தூரைச் சுற்றியுள்ள கற்களைப் பொறுக்கி அகற்ற வேண்டும். பல்லில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். பட்ட பல்லும் மழுங்கும். கண்ணாடிச் சன்னல் அருகில் இருந்தால் பலகை சார்த்தி மறைப்பதும், கண்ணுக்கும் காதுக்கும் காப்பணிந்து, தளர்ந்த உடையைத் தவிர்த்து, குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்போரையும் வெகு தூரத்தில் நிறுத்துவதும் அலட்சியம் செய்யக்கூடாதவை.

அரைக்கும் முறையில் இரகசியம் ஒன்றே: அவசரப்படாமை. சக்கரத்தைத் தூரின் நடுவில் அழுத்துகிறவன் யந்திரத்தைத் துள்ள வைத்துத் தோளையும் நோவித்துக்கொள்கிறான். கட்டையின் முன் விளிம்பில் சக்கரத்தைச் சிறிதளவே இறக்கி, இடமும் வலமுமாக அசைத்து ஒரு படலத்தைச் சீவி, மறுபடியும் சிறிது இறக்கி, தரைமட்டத்துக்குக் கீழே போனபின் சில அங்குலம் முன்னேறி, அதே கிரமத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதே அனுபவசாலிகளின் வழக்கம். ஓர் அடி விட்டமுள்ள பைன் தூர் அரை மணியளவில் மறையலாம். புடைத்த பக்க வேர்களோடு பரந்து நிற்கும் ஓக், நண்பகல் வரை நம்மை நிற்க வைத்துவிடும். புல் வளர்ப்பதற்கு ஆறு அங்குல ஆழம் போதும். மறுபடியும் செடி நடுவதானால் 12 அங்குலமும் அதற்கு மேலும் தேவைப்படும்.

செலவுக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. யந்திரத்துக்கு வாடகை அரை நாளுக்கு அல்லது ஒரு நாளுக்கு. தூரின் எண்ணிக்கைக்கு அல்ல. கூலிக்கு வந்து அரைத்துக் கொடுப்பவர்களோ, பெரும்பாலும் தூரின் விட்டத்தை அங்குலக் கணக்கில் அளந்து பணம் கேட்கிறார்கள். ஆதலால் ஒற்றைத் தூர் உடையவன் யந்திரத்தை வாடகைக்கு எடுப்பது அநேகமாக நஷ்டம்; ஐந்தாறு தூர் உடையவனுக்கோ, அண்டை வீட்டாரோடு பங்கிட்டுக்கொள்ள முடிந்தவனுக்கோ அது லாபம். முன்பணம், இழுத்துவரும் வண்டி, எண்ணெய் ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடையை விட்டுப் புறப்படுமுன் பற்களைத் தொட்டுப் பார்த்துக் கூர்மை இருக்கிறதா என்று அறிந்துகொள்ளவும் வேண்டும். மழுங்கிய பல், ஒரு மணி வேலையை மூன்று மணியாக்கிவிடும்.

முடிவில் எஞ்சுவது, மறைந்த தூரைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றும் மரத்தூள் குவியல். இதைக் குழியிலேயே தள்ளி மூடிவிட்டு அதன்மேல் செடி நடுவது பலர் செய்யும் பிழை. மரத்தூளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தமக்கென்று எடுத்துக்கொள்வதால், அங்கே நட்ட செடி வெளிறிப்போகும். தூளின் பெரும்பகுதியை அள்ளி, வேறு மரங்களின் அடியில் மூடாக்காகப் பரப்பிவிட்டு, குழியை நல்ல மண்ணால் தரைமட்டத்துக்குச் சற்று மேலாகவே நிரப்ப வேண்டும். கீழே கிடக்கும் வேர்கள் மக்க மக்க மண் இறங்கிக்கொண்டே இருக்கும்.

யந்திரம் அறியாத வேர்

இவ்வளவும் செய்து முடித்த பின்னரும், யந்திரம் அகற்றியது கண்ணுக்குத் தெரிந்த பாகத்தை மட்டுமே. கிளை விரிந்த எல்லைக்கு அப்பாலும் ஓடிய வேர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவை உயிரோடு இருக்குமா, மடிந்துபோகுமா என்பதை நிர்ணயிப்பது யந்திரமன்று; மரத்தின் ஜாதியே. பைன் இனத்து மரங்களுள் பெரும்பாலானவை வெட்டியபின் துளிர்ப்பதில்லை. அகன்ற இலை மரங்கள் பல, தூரின் ஓரத்திலிருந்து கற்றையாகத் துளிர்க்கும். பாப்லர் போன்றவை, தூரை முழுவதும் அரைத்துவிட்ட பிறகும் தொலைவில் ஓடும் வேரிலிருந்து கன்று விடும். இவற்றின் வேரையும் மாய்க்க விரும்புகிறவர்கள், மரம் வெட்டிய உடனேயே, பட்டைக்கு உட்புறமாக வளையம்போல் அமைந்த உயிருள்ள திசுவில் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுகிறார்கள். நடுவிலுள்ள வைரக்கட்டை முன்பே ஜீவனற்றதாகையால் அங்கே தடவுவது வீண்.

துளிர்க்காத தூரும் செத்துவிட்டதென்று சொல்லிவிட முடியாது. நியூஸிலாந்து வனமொன்றில் இலையே இல்லாத கௌரி மரத் தூர் ஒன்று உயிரோடிருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர் இருவர், அண்டை மரங்களின் வேர்களோடு அதன் வேர் இணைந்து, அவற்றின் நீரோட்டத்தில் பங்கு பெற்று வாழ்கிறது என்பதை 2019-இல் வெளியிட்டார்கள். மண்ணுக்குள் மரங்கள் தனித்தனிக் குடும்பமாக வாழ்வதில்லை. எல்ம் மரங்களை அழித்த நோய் வண்டுகளால் பரவியதோடு நில்லாமல், இப்படிப் பிணைந்த வேர்களின் வழியாகவும் அடுத்த மரத்துக்குச் சென்றது.

லண்டன் வண்டும் பட்டுக்கோட்டை வண்டும்

தூரை விட்டுவைப்பதா, ஒழிப்பதா என்பதில் அறிஞர்கள் முரண்படுவதுபோல் தோன்றுவது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தில் ஸ்டாக் வண்டு என்னும் கொம்புடைய பெரிய வண்டின் புழு, பூமிக்கடியில் மக்கும் மரத்தைத் தின்று பல வருஷங்கள் வளர்கிறது. லண்டன் புறநகர்த் தோட்டங்கள் அதற்குப் புகலிடம். தூரை அரைப்பதால் அந்த ஜீவன் அருகிவருகிறதென்று அங்கே இயற்கை ஆர்வலர்கள், தூர்களை இருந்தபடியே விட்டுவிடும்படி வேண்டிக்கொள்கிறார்கள். தலைகீழாய்க் கவிழ்த்த தூர்களுக்கிடையில் பெரணி வளர்த்து அழகுபார்க்கும் தோட்டக்கலையும் அந்நாட்டில் உண்டு. ஸ்டாஃபோர்டுஷையரிலுள்ள பிடல்ஃப் கிரேஞ்சில் 1856-இல் அமைந்ததே அவற்றுள் முதலாவது.

அதே தர்மத்தைப் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்குக் கொண்டுவந்தால் விபரீதம் விளையும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னை ஒருவித்திலைத் தாவரமாதலால் அதன் தூர் துளிர்ப்பதில்லை, ஆணிவேரும் இல்லை, அந்த அளவில் பயமில்லை. ஆனால் மக்கும் தென்னந்தூரும் எருக்குழியும் காண்டாமிருக வண்டின் பிரசவ அறைகள். அங்கே பெருகிய வண்டு, புதிதாக நட்ட கன்றின் குருத்தைத்தான் முதலில் துளைக்கும். 1952-இல் புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோயின் பூஞ்சையும், நோயுற்ற தூரிலும் வேரிலும் தங்கி மண்வழியே அடுத்த மரத்தைப் பற்றும். ஆகையால் இங்கே தூரை வேரோடு அகற்றி எரிப்பதே முறை. நார் நிறைந்த தென்னையை அரைக்க முயல்வதைவிட, மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் ஜேசிபியே நம்மவர்க்குக் கைகொடுக்கிறது.

சீமைக் கருவேலத்தின் கதையும் அப்படியே. தரைக்கு மேல் வெட்டினால், வெட்ட வெட்டப் பல கிளைகளாகக் கிளம்பும் அம்மரத்தை வேர்க்கழுத்துக்குக் கீழே தூரோடு பெயர்த்தாலன்றி ஒழிக்க முடியாது. இராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்களுக்கு அந்தத் தூர் விலைபோகும் சரக்கு என்பது மட்டுமே இதில் ஆறுதல்.

பூஞ்சை விஷயத்திலோ, அகற்றலுக்கும் விட்டுவைத்தலுக்கும் இடைப்பட்ட மூன்றாவது மார்க்கத்தை விஞ்ஞானம் காட்டியது. பைன் தோட்டங்களை அழித்த வேரழுகல் நோயின் வித்துக்கள் காற்றில் வந்து, புதிதாக வெட்டிய தூரின் ஈரமான முகத்தில் இறங்கியே வேருக்குள் புகுகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் ரிஷ்பெத் 1950-களில் விளக்கிக் காட்டினார். அவர் தேடிய பரிகாரம், மரத்தை மக்கச் செய்யும் தீங்கற்ற வேறொரு பூஞ்சையை அந்த முகத்தில் முதலில் தடவிவிடுவது. முதலில் குடிபுகுந்தது பின்னால் வரும் பகையை உள்ளே விடுவதில்லை.

முடிவு

ஆக, எந்த உபாயம் சிறந்தது என்ற கேள்வியை விட, எவ்வளவு அகற்றினால் போதும் என்ற கேள்வியே முந்தியது என்பது இதுவரை கூறியவற்றால் விளங்கும். நடைபாதையில் கால் தடுக்கும் தூருக்கு ஆறு அங்குல அரைப்பு போதும். வீடு கட்டப்போகும் இடத்தில் வேரும் எஞ்சக்கூடாது. மக்கி இறங்கும் மண் அஸ்திவாரத்துக்கு ஆகாது. நோயுற்ற தூரை ஒழித்தாக வேண்டும். தோட்டத்து மூலையில் எவருக்கும் இடையூறின்றி நிற்கும் ஓக் தூரைப் பூஞ்சைக்கும் வண்டுக்கும் விட்டுவிடுவது தர்மமும் சிக்கனமும் ஆகும். மரத்தின் ஜாதி, அதன் நோய், அந்த இடத்தில் நாளை வரப்போவது ஆகிய இம்மூன்றையும் அறிந்தவனுக்கு யந்திரம் நல்ல வேலைக்காரன். அறியாதவன், தேவையற்ற தூரை அரைத்து, தேவையான தூரை விட்டுவிட்டு, இரண்டுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பான்.

சாணக்கியன் வேரையும் விடவில்லை, சாம்பலையும் விடவில்லை. அவனுக்கென்ன, அந்தத் தரையில் அவன் நட வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.